கயிற்றின் மறுமுனை

மாலை ஐந்தரை மணிக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடந்து போவது ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் வழக்கம். அங்கே எனக்கு ஒரு பேச்சுத் துணை உண்டு. ஊர்க்காரர், மீனவர், அறுபதைத் தாண்டியவர். இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை, மகன்தான் போகிறான். வலையைச் சரி பார்த்துக்கொண்டே பேசுவார், நான் மணலில் உட்கார்ந்து கேட்பேன்.

2025 ஆகஸ்டில் ஒருநாள் கையில் செய்தித்தாளோடு போயிருந்தேன். இந்தியர் இருவர் பிரெஞ்சு நீர்மூழ்கி ஒன்றில் அட்லாண்டிக் கடலின் அடிக்கு இறங்கி வந்த செய்தி அதில் இருந்தது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி ராஜு ரமேஷ் என்ற விஞ்ஞானி 4,025 மீட்டர் இறங்கினார். மறுநாள் கடற்படையில் கமாண்டராக இருந்து ஓய்வு பெற்ற ஜதிந்தர் பால் சிங் 5,002 மீட்டர் இறங்கினார். அதற்கு முன் இந்தியர் யாரும் அந்த ஆழத்தைத் தொட்டதில்லை என்று படித்துக் காட்டினேன்.

"ஐயாயிரம் மீட்டர்னா எத்தினி பாகம் சார்?" என்று கேட்டார்.

மனக்கணக்காகப் போட்டேன். ஒரு பாகம் சுமார் ஆறடி. இரண்டாயிரத்து எழுநூறு பாகத்துக்கு மேல் வந்தது. வலையைக் கீழே வைத்துவிட்டார். "எங்க வலை நாப்பது அம்பது பாகம் போனாலே பெரிசு. அவ்ளோ கீழ போயிட்டு எப்பிடி சார் மேல வருவாங்க?"

இந்தச் செய்தியை நான் பலரிடம் சொல்லியிருந்தேன். எல்லோரும் 'அங்கே என்ன இருக்கிறது' என்றுதான் கேட்டார்கள். திரும்பி வருவது எப்படி என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். கடலில் பிழைத்தவருக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, ஆழ்கடலில் மனிதன் இறங்கிய வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குத் தேடிய பதில்தான் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர். அந்த நீர்மூழ்கியை ஆங்கிலம் படித்தவர்கள் 'நாட்டைல்' என்கிறார்கள். பிரெஞ்சில் அது 'நோத்தில்'. இதைச் சொல்லாவிட்டால் என் பழைய வாத்தியார் என்னை மன்னிக்க மாட்டார். பழைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு, மாமா வீட்டுக்குக் கடலூருக்கு வந்து சேர்ந்து, கலெக்டர் ஆபீஸில் 'பார்வையில் காணும் கடிதத்தின்படி' என்று தமிழில் எழுதிப் பிழைத்தவன். படித்த பிரெஞ்சு உத்தியோகத்துக்கு உதவவில்லை, இந்த மாதிரிச் சமயங்களில் உதவுகிறது.

எங்கள் வாத்தியாரை நாங்கள் 'மெத்ர்' என்று கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஜூல் வெர்னின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லியூ' நாவலைப் படித்துக் காட்டுவார். 1869-70-ல் வெளிவந்த கதை. இருபதாயிரம் லியூ என்பது ஆழம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மெத்ர் சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் கணக்குப் போட்டார். ஒரு லியூ நான்கு கிலோமீட்டர் என்றால் மொத்தம் எண்பதாயிரம் கிலோமீட்டர். பூமியின் விட்டமே பதின்மூவாயிரம் கிலோமீட்டர் கிடையாது. "அத்தனை ஆழம் போனால் பூமியைத் துளைத்துக்கொண்டு வெளியே விழுவாய்" என்றார். கடலின் மிக ஆழமான இடமே பதினோரு கிலோமீட்டர்தான். இருபதாயிரம் லியூ என்பது கதையில் கடலுக்கடியில் பயணம் செய்த தூரம்.

அந்தக் கதையின் நாயகன் கேப்டன் நேமோ. அவன் கப்பலின் பெயர் நோத்திலுஸ். நேமோ யார் என்பதை வெர்ன் முதல் கதையில் சொல்லவில்லை. சில வருடம் கழித்து எழுதிய 'மர்மத் தீவு' நாவலில்தான் அவன் ஓர் இந்திய இளவரசன், பந்தேல்கண்டைச் சேர்ந்தவன் என்று வெளியிட்டார். மெத்ர் இதைச் சொன்ன அன்று வகுப்பில் ஒரே ஆரவாரம்.

என் மனதில் அதைவிட ஆழமாகப் பதிந்த காட்சி வேறு. நேமோ தன் கப்பலோடு மன்னார் வளைகுடாவுக்கு வருகிறான். அங்கே முத்துக் குளிக்க ஏழை இந்தியன் ஒருவன் மூழ்குகிறான். குளிப்புப் பருவம் இன்னும் தொடங்கவில்லை, அதனால் தனியாக வந்திருக்கிறான். காலிடுக்கில் ஒரு கல், அந்தக் கல்லைப் படகோடு இணைத்து ஒரு கயிறு. சுறா தாக்குகிறது, நேமோ கத்தியோடு பாய்ந்து அவனைக் காப்பாற்றுகிறான். அப்போது எனக்குப் பதினோரு வயது. மேலே படகில் யாருமே இல்லையே, யார் இழுப்பார்கள் என்று பதறியது நினைவிருக்கிறது.

இந்தப் பதற்றத்தின் நியாயம் முப்பது வருடம் கழித்துத்தான் புரிந்தது. கருவூலத்தில் வேலை பார்த்த நண்பர் தூத்துக்குடிக்காரர். அவர் தகப்பனார் சங்கு குளித்தவர். குளிப்பவன் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவான். கீழே போனதும் கல்லை விட்டுவிடுவான், மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு வெட்டு வெட்டினால் ஆளை இழுக்க வேண்டும். அரை நிமிஷம் தாமதித்தால் ஆள் இல்லை. அதனால் கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் வைப்பார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், தன் அக்காள் தங்கையின் தாலிக்காக அவன் கண் அசர மாட்டான் என்று நண்பர் சொல்லிச் சிரித்தார். அது சிரிப்பதற்காகச் சொன்னது மட்டும் அல்ல. ஆழத்தில் இறங்குபவனின் உயிர் மேலே இருப்பவன் கையில் இருக்கிறது என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த பாடம்.

விஞ்ஞானிகளும் கயிற்றில்தான் தொடங்கினார்கள். 1840-களில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர், சுமார் முந்நூறு பாகத்துக்குக் கீழே கடலில் உயிரே கிடையாது என்று கருதினார். வெளிச்சம் இல்லை, கடும் குளிர், தாங்க முடியாத அழுத்தம், அங்கே எது வாழும்? சிதம்பரத்தில் ஒன்பது வருடம் குடியிருந்தவன் என்பதால் எனக்கு ரகசியத்தின் ஞாபகம் வருகிறது. அங்கே திரையை விலக்கினால் தெரிவது வெட்டவெளி. கடலிலும் திரைக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று அவர்கள் நம்பினார்கள். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல் அந்தத் திரையை விலக்கியது. மைல் கணக்கில் சணல் கயிற்றை இறக்கி, வலையைக் கட்டி இழுத்தார்கள். ஒவ்வொரு ஆழத்திலிருந்தும் உயிர்கள் மேலே வந்தன. 1873-ல் உருளைக்கிழங்கு மாதிரிக் கறுப்புக் கட்டிகளும் வந்தன. அந்தக் கட்டிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மனிதன் தானே இறங்கியது 1930-களில். வில்லியம் பீப், ஓட்டிஸ் பார்ட்டன் என்ற இரு அமெரிக்கர்கள், நாலரை அடி அகலமுள்ள இரும்புக் குண்டுக்குள் மடங்கி உட்கார்ந்துகொண்டு, பெர்முடா தீவருகே 1934-ல் 923 மீட்டர் இறங்கினார்கள். குண்டு ஓர் எஃகு வடத்தில் தொங்கியது. முத்துக் குளிப்பவனின் கயிறே தடித்து எஃகாகிவிட்டது, அவ்வளவுதான். அது அறுந்தால் இருவரும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். வடம் நீள நீள அதன் எடையே அதற்குப் பாரம். அதனால் கயிற்றை நம்பி இன்னும் ஆழம் போக முடியாது என்ற நிலை வந்தது.

கயிற்றை விட்டவர் ஸ்விட்சர்லாந்தின் பேராசிரியர் ஒகுஸ்த் பிக்கார். இவர் முதலில் பலூன்காரர். 1931-ல் பலூனில் கட்டிய மூடிய கூண்டில் ஏறி, வானத்தில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போய் இறங்கியவர். கடலுக்கும் ஒரு பலூன் செய்தால் என்ன என்று யோசித்தார். பலூனில் காற்றைவிட லேசான வாயு இருக்கும். இவர் ஒரு பெரிய தொட்டியில் தண்ணீரைவிட லேசான பெட்ரோலை நிரப்பி, அதன் அடியில் எஃகு உருண்டையைத் தொங்கவிட்டார். ஆட்கள் உருண்டைக்குள் இருப்பார்கள். இறங்குவதற்குப் பாரமாக டன் கணக்கில் இரும்பு ரவைகள். மேலே வர வேண்டுமானால் ரவையைக் கொட்ட வேண்டும். இதற்கு 'பாத்திஸ்காஃப்' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ஆழ்படகு என்று பொருள்.

எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. ரவை கீழே விழாமல் தாங்கிப் பிடித்திருப்பது மின்காந்தம். மின்சாரம் நின்றால் காந்தம் பிடி விட்டுவிடும், ரவை தானாகக் கொட்டும், படகு தானாக மேலே கிளம்பும். நம் ஊரில் கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும். பிக்கார், கரண்ட் போனால் வண்டி வீட்டுக்குத் திரும்பிவிடும்படி செய்தார். எது கெட்டாலும் அது ஆளை மேலே கொண்டுவருகிற பக்கமாகக் கெட வேண்டும். இன்றைக்கும் ஆழ்கடல் நீர்மூழ்கிகள் இந்த விதியைப் பின்பற்றுகின்றன. மீனவ நண்பரின் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

1954 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கடற்படையின் எஃப்.என்.ஆர்.எஸ்-3 என்ற பாத்திஸ்காஃபில் ஊவோ, வில்ம் என்ற இரு அதிகாரிகள், ஆப்பிரிக்காவின் டக்கார் துறைமுகத்துக்கு அப்பால் 4,050 மீட்டர் இறங்கினார்கள். அதே வருடம் நவம்பரில்தான் புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு மாறியது. மெத்ருக்கு இந்த இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தது பெரிய விஷயம், அடிக்கடி சொல்வார். 1960 ஜனவரி 23 அன்று பிக்காரின் மகன் ழாக்கும் அமெரிக்கக் கடற்படையின் டான் வால்ஷும் 'திரியஸ்தே' என்ற பாத்திஸ்காஃபில், பசிபிக் கடலின் மரியானா அகழியில் சுமார் 10,900 மீட்டர் இறங்கி அடியைத் தொட்டார்கள். இறங்கும்போது வழியிலேயே ஒரு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டுப் பெரிய சத்தம் கேட்டது. இருந்தும் போனார்கள். அடியில் இருந்தது இருபது நிமிஷம், மேலே வர மூன்றேகால் மணி நேரம்.

பாத்திஸ்காஃப் பூதாகரமானது. அதற்கடுத்த தலைமுறை சிறியது. அமெரிக்காவின் 'ஆல்வின்' அதில் பெயர் பெற்றது. 1968-ல் அதைக் கப்பலிலிருந்து இறக்கும்போது எஃகு வடம் அறுந்தது. உள்ளே இருந்த மூவரும் தப்பி வெளியே குதித்தார்கள், ஆல்வின் 1,500 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்தது. மறுவருடம் தூக்கிப் பார்த்தபோது, உள்ளே வைத்திருந்த மத்தியானச் சாப்பாடு, ரொட்டியும் ஆப்பிளும், ஊறிப் போயிருந்ததே தவிரக் கெடவில்லை. அந்தக் குளிரிலும் அழுத்தத்திலும் கிருமிகள்கூட மெதுவாகத்தான் வேலை செய்கின்றன.

மனிதன் எதற்கு, ரோபோவை அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். இரண்டும் சேர்ந்தேதான் வேலை செய்திருக்கின்றன. 1977-ல் கலாபகஸ் தீவுகள் அருகே 2,500 மீட்டர் ஆழத்தில் கடலடி வெந்நீர் ஊற்றுகளை முதலில் கண்டது, கப்பலின் பின்னால் வடத்தில் கட்டி இழுத்த கேமராச் சட்டம். பிறகு ஆல்வினில் ஆட்கள் இறங்கி, சூரிய ஒளியே இல்லாமல் ரசாயனத்தை உண்டு வாழும் உயிர்க்கூட்டத்தைப் பார்த்தார்கள். 1985-ல் டைட்டானிக் கப்பலைக் கண்டுபிடித்ததும் இழுத்துச் சென்ற கேமராதான், அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து நடத்திய தேடல் அது. ஆனால் ரோபோவுக்கும் கயிற்றுத் தொல்லை உண்டு. 1995-ல் மரியானா அகழியின் அடியைத் தொட்ட ஜப்பானின் 'கைக்கோ' ரோபோ, 2003-ல் வடம் அறுந்து கடலோடு போய்விட்டது. ஆள் இல்லாததால் அழுவதற்கு யாரும் இல்லை. ரோபோவின் பெரிய நன்மை அதுதான்.

இனி நம் நாட்டுக் கதை. சேலஞ்சர் கப்பல் எடுத்த கறுப்புக் கட்டிகளில் மாங்கனீஸ், நிக்கல், செம்பு, கோபால்ட் இருக்கின்றன. பத்து லட்சம் வருடத்தில் சில மில்லிமீட்டர்தான் வளரும். 1981 குடியரசு தினத்தன்று 'கவேஷணி' என்ற நம் ஆராய்ச்சிக் கப்பல் அரபிக்கடலிலிருந்து முதல் கட்டியை எடுத்தது. 1987-ல், இந்தக் கட்டிகளைத் தேடுவதற்கு ஐ.நா. ஏற்பாட்டின்படி பதிவு பெற்ற முதல் நாடு இந்தியா. கன்னியாகுமரிக்குத் தெற்கே வெகு தொலைவில், நடு இந்தியப் பெருங்கடலில் நமக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். ஆழம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல். பட்டா கிடைத்துவிட்டது, நிலத்தில் கால் வைக்கத்தான் வழியில்லை என்று ஆபீஸில் நாங்கள் கேலி பேசியதுண்டு.

வழியை உண்டாக்கும் வேலை 1993-ல் தொடங்கிய தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்தது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிறது. ரஷ்யர்களோடு சேர்ந்து செய்த 'ரோசப்' என்ற வடம் கட்டிய ரோபோ, 2010-ல் 5,289 மீட்டர் ஆழத்தில் அந்தக் கட்டிகளைப் படம் பிடித்தது. 2021-ல் 'வராகா' என்ற ஊர்ந்து போகும் இயந்திரம் 5,270 மீட்டர் ஆழத்தில் கடலடித் தரையில் ஓடிப் பார்த்தது. அந்த வருடம்தான் மத்திய அரசு 4,077 கோடி ரூபாயில் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் ஒரு பகுதி 'மத்ஸ்யா 6000'. மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டுபோக வேண்டிய நீர்மூழ்கி. ஆட்கள் இருக்கும் டைட்டானியம் உருண்டை உள்ளே 2.1 மீட்டர் அகலம், சுவர் எட்டு சென்டிமீட்டர் கனம். அந்த ஆழத்தில் ஒரு விரல் நகத்தளவு இடத்தில் அறுநூறு கிலோ அழுத்தும். பன்னிரண்டு மணி நேரப் பயணத்துக்காகச் செய்தது என்றாலும், ஆபத்து வந்தால் 96 மணி நேரம் உயிரோடு இருக்கும்படி அமைக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள்.

வராகம் பூமியைக் கடலிலிருந்து தூக்கி வந்தது. மச்சாவதாரத்தில் மனுவின் ஓடத்தைக் கயிற்றால் கட்டிக் கரை சேர்த்தது மீன். பெயர் வைத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

மத்ஸ்யாவுக்கு வடம் கிடையாது. வடம் இல்லாமல் மேலே இருப்பவரோடு எப்படிப் பேசுவது? வானொலி அலை கடல் நீரில் போகாது. ஒலி போகும், ஒரு வினாடியில் ஒன்றரை கிலோமீட்டர். ஐயாயிரம் மீட்டர் அடியிலிருந்து 'நலம்' என்று சொன்னால் மேலே கேட்க மூன்று வினாடிக்கு மேல் ஆகும், பதில் வர இன்னொரு மூன்று. அந்த ஒலிதான் இப்போது கயிறு. இப்படிப் பேசவும், இறங்கவும், ஏறவும் பழகத்தான் நம்மவர் இருவரும் பிரெஞ்சுக்காரர்களின் நோத்திலில் ஏறினார்கள். 1984 முதல் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிற கப்பல் அது. வெர்னின் கதையில் ஓர் இந்தியன் நோத்திலுஸில் இருந்தான். நிஜத்தில் நோத்திலில் இந்தியர் ஏற இத்தனை வருடம் ஆயிற்று. மெத்ர் இருந்திருந்தால் அன்றைக்கும் ஒரே ஆரவாரமாக இருந்திருக்கும்.

ஏன் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு சோதனை என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் 2023 ஜூன் 18-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். டைட்டானிக்கைப் பார்க்கப் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை இறக்கிய 'டைட்டன்' நீர்மூழ்கி அன்று நசுங்கி, ஐந்து பேர் இறந்தார்கள். அதன் உடல் கார்பன் இழையால் செய்தது. வெளியார் வந்து சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறைக்கு அது உட்படுத்தப்படவில்லை. இறந்தவர்களில் ஒருவர் போல்-ஆன்ரி நார்ழோலே, பிரெஞ்சுக் கடற்படையில் இருந்தவர். 1987-ல் நோத்திலில் டைட்டானிக்குக்கு இறங்கிய அனுபவசாலி. நோத்திலில் போய் வந்தவர் டைட்டனில் திரும்பவில்லை. நாற்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்த எனக்கு, இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடாத காகிதம் எந்த மேஜையையும் தாண்டக்கூடாது என்பது தெரியும். அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருப்பதைப் பலர் திட்டுவார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். ஆழ்கடலில் அந்தக் கையெழுத்துதான் மைத்துனன்.

கட்டிகளை அள்ளுவதிலும் அவசரம் கூடாது என்பது என் கருத்து. சிதம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஆராய்ச்சி மாணவர், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் படித்தவர். ஒருநாள் என்னை அழைத்துப்போய், ஒரு கரண்டிச் சேற்றை நுண்ணோக்கியில் காட்டினார். அதற்குள் ஒரு கிராமமே இருந்தது. 1989-ல் பெரு நாட்டுக்கு அப்பால் 4,000 மீட்டருக்குக் கீழே ஜெர்மானியர்கள் கடலடியை உழுது பார்த்தார்கள். 2015-ல் போய்ப் பார்த்தபோது கலப்பைத் தடம் அழியாமல் அப்படியே இருந்தது. அங்கே நாம் போடும் தடத்தை அழிக்க மழையோ காற்றோ இல்லை.

சரி, மீனவ நண்பருக்கு இரண்டாவது கேள்வியும் இருந்தது. "இவ்ளோ காசு செலவு பண்ணி, நமக்கு எதுக்கு சார் அது?" அன்று கடற்கரையில் நான் உடனே பதில் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே கடலடி நிலம் பிளந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆழ்கடலில் அது விமான வேகத்தில் போகும், ஆனால் உயரம் சில அடிகூட இருக்காது. மேலே போகிற கப்பலுக்கே தெரியாது. அந்த இரண்டு மணி நேரமும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடலின் அடியில் நமக்காகக் காது வைத்திருக்க எதுவும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று மத்தியானம் முதல் நான் மேஜை போட்டு உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, ஊர். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனாங்குப்பம், கிள்ளைக்கு அப்பால் எம்.ஜி.ஆர். திட்டு. வயது என்ற கட்டத்தில் இரண்டு, நான்கு, ஏழு என்று எழுதிய கை இது.

அதற்குப் பிறகு வந்தவைதான் கடலடி அழுத்தமானிகள். அவையும் ஒரு வகை ரோபோக்கள்தான். ஆயிரக்கணக்கான மீட்டர் அடியில் உட்கார்ந்து, தலைக்கு மேல் இருக்கும் தண்ணீரின் பாரத்தை இரவு பகலாக அளக்கின்றன. கடல் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலும் அவற்றுக்குத் தெரியும். உடனே ஒலியாக மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும், மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும், அங்கிருந்து ஹைதராபாத் எச்சரிக்கை மையத்துக்குப் போகும். 2007 அக்டோபரில் அந்த மையம் வேலை தொடங்கியது. கடலில் இவற்றை நிறுத்திப் பராமரிப்பது அதே பள்ளிக்கரணைக் கழகம். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே மறுபடி 8.6 அளவில் நிலம் நடுங்கியது. அன்று எங்களுக்குச் செய்தி வந்தது. கரையோர மக்கள் மேட்டுக்கு நகர்ந்தார்கள். பெரிய அலை இல்லை என்று உறுதியானதும் மாலையில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது யாருக்கும் ஞாபகமில்லை.

மறுநாள் மாலை இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். மிதவை எப்படி இருக்கும் என்று கேட்டார். மஞ்சளாக, ஆள் உயரத்துக்கு மேல், மேலே கம்பத்தோடு இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அதுங்கீழ மீன் கூடும் சார். நம்ம பசங்க போட்ட அதுல கட்டிட்டு நின்னுருக்கானுவ. சில பேரு அதுல இருந்த கண்ணாடிப் பொட்டி, பேட்டரின்னு கழட்டியும் வந்துருக்கானுவ. எதுக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அது நம் கரைக்காகப் பிடித்திருக்கிற கயிறு, அதை நாமே அறுக்கக்கூடாது என்றேன். தலையாட்டினார். மகனிடம் சொல்வதாகச் சொன்னார், சங்கத்திலும் பேசுவதாகச் சொன்னார். பிறகு வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "எங்க அக்கா பேர நீங்கதான சார் எழுதனீங்க?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். ஐம்பத்திரண்டு வயது என்று எழுதியது எனக்கும் ஞாபகம் இருந்தது.

இதைப் படிக்கிற நண்பர்கள் யாராவது கரையோர ஊர்களில் இருந்தால், படகுக்காரர்களிடம் அந்த மஞ்சள் மிதவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். மத்ஸ்யா இறங்கும் நாளில் நானும் செய்தித்தாளோடு கடற்கரைக்குப் போவேன். எத்தனை பாகம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.